ஒன்னரை லட்சம் எழுதின கை

அந்தப் பேப்பரக் கொஞ்சம் மடக்காம வைங்க சார். வெளையாட்டுப் பக்கந்தான? இந்தா, கால் தூக்கி நிக்கிறான் பாருங்க, நீல பனியன் போட்ட பையன். இவன் பேரு பிரிட்டோ. எங்க திண்டுக்கல்லுப் பையன். எங்க தெருவுக்கு அடுத்த தெரு. எனக்கு நல்லாத் தெரியும். நல்லாத் தெரியும்னா, எங்க வீட்டுத் தட்டுல சோறு தின்னவன்.

படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்கு? கண்ணாடிய வீட்ல வச்சிட்டு பஸ் ஏறிட்டேன். ‘இடது கால் மின்னல்’னு போட்டிருக்கா? எழுதுவாய்ங்க, எழுதுவாய்ங்க. பேப்பர்காரய்ங்களுக்கு என்ன, கால் தூக்குனவனெல்லாம் மின்னல். நான் ஆடுன காலத்துல பேப்பர்ல படம் போட மாட்டாய்ங்க சார். ‘திண்டுக்கல் அணி வெற்றி’ன்னு மூணு வரி வரும், அதுலயும் பேரு தப்பா இருக்கும். என் பேரு சேசுராஜ். ஏசுராஜா, சேதுராஜ், ஒரு தடவ சேஷாத்ரின்னே போட்டுட்டாய்ங்க.

ஆமா, நானும் ஆடுனவன்தான். மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன், அது பொழப்புக்கு. ‘ஈவினிங் ஸ்டார்’னு எங்க கிளப்பு. தொண்ணூத்தேழுல லீக்கும் டோர்னமெண்ட்டும் சேத்து ஒரே சீசன்ல முப்பத்தோரு கோல். கிளப் ரூமு செவுத்துல பெயிண்டுல எழுதி வச்சிருக்காய்ங்க. அதுக்கப்புறம் எத்தனையோ பேரு வந்தான், ஆடுனான், போனான். இருவத்திரண்டத் தாண்டல ஒருத்தனும். இருவத்தஞ்சு வருசம் சார். நான் அத ஒரு பெருமையாச் சொல்லல. செவுத்துல இருக்கிறதச் சொல்றேன்.

இவன் வந்து சேந்தப்ப தட்டிக் குடுத்து உள்ள விட்டதே நான்தான். அப்பன் கெடையாது, அம்மா நூல் மில்லுல சிப்ட்டு. ஒழுங்காப் பூட்சு இல்ல. என் மருமகன் பூட்ச வாங்கிக் குடுத்தேன். இதெல்லாம் நான் சொல்லிக் காட்டுறதில்ல. அவன் அம்மாகிட்ட ரெண்டு தடவ சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்.

ரெண்டு வருசத்துக்கு முந்தின சீசன் சார் அது. கோல் போட ஆரம்பிச்சான். போடட்டும், நம்ம கிளப்புதான? எனக்குச் சந்தோசம்தான். அஞ்சு மேச்சுல ஒம்போது கோல். ஊரே தலைல தூக்கி வச்சு ஆடுது. எனக்கு என்ன ஆச்சரியம்னா எங்க வீட்டுல. எங்க வீட்டம்மா பேரு ஜெயராக்கினி. கல்யாணம் ஆகி ரெண்டு வருசம் நான் ஆடுனேன் சார், ஒரு நாள் வந்து பாத்ததில்ல. ஒரே ஒரு தடவ கிரவுண்டுக்கு வந்தா. நான் பந்தோட ஓடிட்டிருக்கேன், கோட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டு, ஏங்க, பீரோச் சாவி எங்கன்னு கேக்குறா. பந்து போயிருச்சு.

அவ இப்ப கொடையப் புடிச்சுக்கிட்டு, வெள்ளரிக்கா நறுக்கிப் பொட்டலம் கட்டிக்கிட்டு பிரிட்டோ ஆட்டம் பாக்கப் போறா. வந்து எனக்கு வெளக்கம் வேற. ‘அவன் பந்த நிப்பாட்டுறதே ஒரு அழகுங்க’ங்கிறா. நானும் நிப்பாட்டுனவன்தான்டின்னேன். ‘நீங்க நிப்பாட்டி நான் பாக்கலையே’ங்கிறா. யாரு பாக்க வேணாம்னா?

அப்புறம் முட்ட. ஆட்டத்தன்னைக்குக் காலைல அவனுக்கு நம்ம வீட்டுலதான் டிபன். அவனுக்கு ரெண்டு முட்ட, எனக்கு ஒன்னு. டாக்டரு எனக்குக் கொழுப்புன்னுட்டாராம். சரி, ஒரு முட்டைக்காக ஒரு மனுசன் வருத்தப்படுவானா சார்? வருத்தப்படல. ஆனா பக்கத்துப் பக்கத்துல ஒக்காந்து திங்கயில கண்ணு அங்கதான போகுது.

கேலரில பட்டாணி விக்கிற மொக்கராசுன்னு ஒருத்தரு. எங்க காலத்துல ‘சேசு! சேசு!’ன்னு தொண்ட கிழியக் கத்துன ஆளு. அவரு ஒரு நாள் என் தோளுல கையப் போட்டு, ‘சேசு, இவனப் பாத்தப்புறந்தாம்ப்பா தெரியுது, நாம இத்தன நாளாப் பாத்தது ஆட்டமே இல்ல’ன்னாரு. எங்கிட்டயே சொல்றாரு! நான் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து ராத்திரிச் சோறு எறங்கல. வெயில்ல நின்னது ஒத்துக்கலன்னு நெனச்சேன்.

ஒத்துக்கல, ஒத்துக்கலன்னு அந்தச் சீசன் பூராவே ஒத்துக்கல சார். இருவது ஆச்சு, இருவத்தஞ்சு ஆச்சு. இருவத்தெட்டு ஆனப்ப நான் அந்தோணியார் கோயில்ல மெழுகுவத்தி ஏத்துனேன். எங்க டீமு செயிக்கணும்னுதான் வேண்டுனேன், சத்தியமா. இவன் கோல் போடாம செயிக்கணும்னு வேண்டுனேன். டீமுன்னா பதினோரு பேருல்ல?

கடைசி மேச்சு. முப்பத்தொன்னுல நிக்கிறான். எனக்குச் சமமா. எம்பத்தஞ்சாவது நிமிசம் பெனால்டி கெடைக்குது. நான் செருப்பக் கழட்டிட்டு நிக்கிறேன், ஏன்னு எனக்கே தெரியல. இவன் பந்த எடுத்தான், புள்ளில வச்சான், பொறவு திரும்பி, சும்மா நின்ன ஒரு சின்னப் பயல, பின்னால தடுத்து ஆடுற பேக்க, கூப்ட்டு, நீ அடிடான்னுட்டான். அவன் அடிச்சான், கோலு, ஆட்டம் முடிஞ்சுச்சு.

என்னடான்னு கேட்டா எங்கிட்ட ஓடி வந்து காதோரமாச் சொல்றான்: ‘ஒங்க கூட ஒன்னா நிக்கிறதே போதும்ணே.’ 

எப்படி இருக்கும் எனக்கு? தாண்டிட்டுப் போயிருந்தாக்கூடத் தேவலையே. எனக்குப் பிச்ச போட்டான் சார், இருவத்திரண்டு வயசுப் பய. நாளைக்குச் செவுத்துல என் பேருக்குக் கீழ அவன் பேரு, ரெண்டுக்கும் முப்பத்தொன்னு. பாக்கிறவன் என்ன நெனைப்பான்? அந்தப் பையன் விட்டுக் குடுத்தானாம்ல, அந்த ஆளுதான் இவருன்னு நெனைப்பான். அடுத்த சீசன் இருந்தா எப்படியும் தாண்டப் போறான், அது வேற.

பொறாமையா? எனக்கெதுக்கு சார் பொறாமை? என் வயசென்ன, அவன் வயசென்ன?

சீசன் முடிஞ்சதும் கோயம்புத்தூர் மில்லு டீமுலேருந்து ஆள் வந்தாய்ங்க. இப்ப இவன் போட்டிருக்கிற நீல பனியன் அவிங்களோடதுதான். வருசத்துக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் தர்றோம்னாய்ங்க. பிரிட்டோ எங்க கோச்சுகிட்ட வந்தான். தனபால்னு பீட்டி வாத்தியாரு, அவருதான் கோச்சு. ‘சார், எனக்கு எழுவதாயிரம் குடுங்க, அம்மாவ விட்டுட்டுப் போகாம இங்கயே ஆடுறேன்’னான். எழுவது. அதுக்குக் கொறஞ்சா அம்மா அனுப்பி வச்சிரும், கடன் இருக்குன்னான்.

எங்க கிளப்புல வெல முடிவு பண்றதுக்கு ஒரு வழக்கம் இருக்கு. கமிட்டில என்னையும் கோச்சையும் சேத்து அஞ்சு பேரு. ஆளுக்கொரு சீட்டுல ஒரு தொகைய எழுதி, பழைய வெள்ளிக் கப்புக்குள்ள போடணும். பேரு எழுதக் கூடாது. கோச்சு ஒவ்வொன்னா எடுத்துச் சத்தமா வாசிப்பாரு. அதுல ஆக ஒசந்த சீட்டு ஒன்னு, ஆகத் தாழ்ந்த சீட்டு ஒன்னு, ரெண்டையும் கிழிச்சுப் போட்டுருவாரு. மிச்சம் மூணையும் கூட்டி மூணால வகுத்தா அதுதான் வெல. முந்தி ஒருத்தரு டீமுல ஆடுன தன் மச்சான் மேல இருந்த பாசத்துல கிளப்புல இருந்த மொத்தப் பணத்தையும் எழுதிட்டாரு, இன்னொருத்தரு அந்த மச்சான் மேல இருந்த கோவத்துல பூஜ்யம் போட்டாரு. அன்னைலேருந்து இந்தச் சட்டம். அதிகப் பாசமும் கெடையாது, அதிகப் பகையும் கெடையாது. நல்ல சட்டம்.

நான் யோசிச்சேன் சார். நான் பத்தாயிரம்னு எழுதுனா என்ன ஆகும்? ஆகத் தாழ்ந்த சீட்டுன்னு கிழிச்சிருவாரு. என் எழுத்து எல்லாருக்கும் தெரியும், பில்லு எழுதி எழுதி என் அஞ்சுக்கு ஒரு கொக்கி இருக்கும். கெட்ட பேருதான் மிச்சம். அதனால சீட்ட விட்டுட்டேன். மத்த நாலு பேரு என்ன எழுதுறாய்ங்கங்கிறதுலதான இருக்கு விசயம்?

அதுக்காக நான் ஒன்னும் பொய் சொல்லிட்டுத் திரியல. தனபால் வாத்தியார்கிட்டப் போனேன். ‘சார், பையன் சம்மணம் போட்டு எந்திரிக்கையில முட்டில டக்குன்னு ஒரு சத்தம் வருது, கவனிச்சீங்களா’ன்னு கேட்டேன். வந்துச்சு சார், எங்க வீட்டுல சாப்ட்டு எந்திரிக்கையில என் காதால கேட்டேன். எல்லாருக்கும் வரும்தான். அத நான் சொல்லலன்னு சொல்லலாம், ஆனா அவரு கேக்கல.

பொருளாளரு காஜா மைதீன் பாய்கிட்ட, ‘கிரவுண்டு வேலி விழுந்து கெடக்கு, ஆடு மாடெல்லாம் உள்ள வருது, ஒரே பயலுக்கு எல்லாத்தையும் தூக்கிக் குடுத்தா மத்த பசங்க கிளம்பிற மாட்டாய்ங்களா பாய்’னேன். நியாயமான பேச்சு. லாரி ஆபீஸ் முத்துராக்குகிட்டயும் அதேதான்.

தலைவரு ராயப்பன்கிட்ட வேற. அவரு மகன் எங்க டீமுல பேக் ஆடுறான், கொஞ்சம் மந்தம். ‘ஒங்க பையன் பின்னாடி நின்னா பத்துப் பேரு டீமுதான்னு பிரிட்டோ சொல்லிட்டுத் திரியிறானாமே’ன்னேன். அவன் அப்படிச் சொல்லல. ஆனா நெனச்சிருப்பான் சார். அந்தப் பையன் ஆட்டத்தப் பாத்தா நீங்களே நெனைப்பீங்க.

ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு கிளப் ரூமுல கூட்டம். பிரிட்டோ வெளிய ஜன்னலோரமா நிக்கிறான். சீட்டு என் கைக்கு வருது. அப்ப எனக்கு ஒரு யோசன வந்துச்சு. எப்படியும் கிழிபடப் போற சீட்டு, அதுல கஞ்சத்தனம் எதுக்கு? ஒன்னரை லட்சம்னு எழுதுனேன். எழுதி மடிச்சுப் போட்டேன். நாளப் பின்ன சேசு குட்டையக் கொழப்பிட்டான்னு எவனும் வாயத் தெறக்கக் கூடாது பாருங்க.

தனபால் வாத்தியாரு வாசிக்கிறாரு. அம்பது. அறுவது. நாப்பது. அம்பத்தஞ்சு. கடைசிச் சீட்டப் பிரிச்சவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டுத் திரும்பப் பாத்தாரு. ஒரு லட்சத்து அம்பதாயிரம். பாய் எட்டிப் பாத்துட்டு, ‘கொக்கி அஞ்சு. இது நம்ம சேசுல்ல?’ன்னாரு. நாலு பேரும் என்னைய ஒரு பார்வ பாத்தாய்ங்க சார். ஆளுக்கொரு தடவ நான் போயிப் பேசுனது அவனவனுக்குத் தெரியுமே. ஆனா எங்கிட்ட மட்டுந்தான் பேசுனாருன்னு ஒவ்வொருத்தனும் நெனச்சிட்டிருந்தான், அதனால எவனும் வாயத் தெறக்கல.

ஒன்னரையையும் நாப்பதையும் கிழிச்சாரு. மிச்சத்தக் கூட்டி வகுத்தா அம்பத்தஞ்சு. முடிஞ்சுச்சு.

வெளிய வந்தா பிரிட்டோ அழுதுக்கிட்டு நிக்கிறான். அம்பத்தஞ்சுக்கு அழுகுறான்னு நெனச்சேன். என் கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிறான் சார். ஒன்னரை லட்சம் எழுதின கையாம். எனக்கு ஒடம்பு கூசிப் போச்சு. விட்றா விட்றான்னு உருவிக்கிட்டு வந்துட்டேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துட்டான். கிழிச்சுப் போட்ட என் சீட்டு ரெண்டு துண்டையும் பெறக்கிச் சட்டப் பையில வச்சிருக்கான். ஜெயராக்கினி அடுப்படில மாவு அரைக்கிறா. இவன் என் முன்னாடி தரையில ஒக்காந்துட்டு, ‘அண்ணே, நான் அம்மாகிட்டப் பேசிட்டேன். அம்பத்தஞ்சுக்கே இருந்துக்கிறேன். நீங்க மட்டும் ஒரு வார்த்த இருடான்னு சொல்லுங்க. இந்த ஊருல எனக்கு வெல தெரிஞ்ச மனுசன் நீங்க ஒருத்தருதான்’னான்.

உள்ள கிரைண்டர் சத்தம் நின்னுருச்சு.

இருடா. ரெண்டு எழுத்தோ மூணு எழுத்தோ. அத்தன சின்ன வார்த்த சார் அது. என் வாய் அதுக்குத் தெறந்துச்சு, பொய் சொல்லல. அப்ப அவன் முகத்தப் பாத்தேன். அடுத்த வருசம் கேலரி தெரிஞ்சுச்சு, கொட தெரிஞ்சுச்சு, மொக்கராசு தெரிஞ்சாரு. ‘போடா தம்பி. இங்க ஒன் அரும எவனுக்கும் தெரியாது. போயிப் பொழச்சுக்க’ன்னேன்.

என் கால்ல விழுந்து கும்புட்டான். ஜெயராக்கினி காப்பி கொண்டாந்தா, அவனுக்கு மட்டும். ‘வாரேன் மதினி’ன்னான். தலையத் தடவிக் குடுத்தா. அவன் போனதும் எதுக்க வந்து நின்னுக்கிட்டு, ‘அவன் இருக்கேன்னு சொல்லத்தான வந்தான்’னா. சண்ட போடல சார். இன்னைக்கு வரைக்கும் அத வச்சு ஒரு சண்ட போடல. மறுநாள் காலைலேருந்து என் தட்டுல ரெண்டு முட்ட. கொழுப்பப் பத்திப் பேச்சே இல்ல. அத எப்படி சார் திங்கிறது? வேணாம்னாலும் எடுக்க மாட்டேங்கிறா, வச்சிட்டுப் போயிர்றா.

அடுத்த சீசன் கிளப்பு ரெண்டாவது டிவிசனுக்கு எறங்கிருச்சு. வேலி இன்னும் விழுந்தபடிக்கேதான் கெடக்கு. முப்பத்தொன்னு செவுத்துல அப்படியே இருக்கு. யாரும் தாண்டல. நல்லதுதான.

ஆனா என்ன பிரயோசனம்? நான் கிளப்பு ரூமுக்குப் போயே ஆறு மாசம் ஆச்சு. அவன்தான் வாராவாரம் போன் போடுறான். சாப்ட்டீங்களாண்ணே, காயில் வேல எப்படிப் போகுதுண்ணே, மதினி எப்படி இருக்காங்கண்ணே. போன எங்கிட்டருந்து புடுங்கி அவ அரை மணி நேரம் பேசுறா. எனக்கு ‘நல்லாருக்கேன்’ங்கிறதோட முடிஞ்சிரும்.

இப்ப நான் எங்க போறேங்கிறீங்களா? அதச் சொல்லத்தான ஆரம்பிச்சேன். அவனப் பாக்கத்தான் போறேன். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கிறேன்னிருக்கான். சென்னைலேருந்து ஒரு பெரிய டீமு அவனக் கேக்குதாம். மில்லுக்காரய்ங்க விட மனசில்லாம, என்ன வேணும் கேளு, நாளைக்கே கையெழுத்துப் போடலாம்னு சொல்லியிருக்காய்ங்க. இவன் என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? ‘எங்க அண்ணன் திண்டுக்கல்லருந்து வந்து சொல்லுவாரு, அவரு சொல்றதுதான் என் வெல’ன்னு சொல்லியிருக்கான். மில்லு மேனேஜரு எனக்கே போன் போட்டு, வாங்க சார், ஒங்களுக்கு ரூமு போட்டிருக்கோம்ங்கிறாரு. நான் முடியாதுன்னு சொல்லிப் பாத்தேன். ‘நீங்க கொறச்சுச் சொன்னாலும் சரிண்ணே, ஒங்க வாயால வந்தாப் போதும்’ங்கிறான். கேட்டீங்களா, கொறச்சுச் சொன்னாலும் சரியாம்.

ஜெயராக்கினியையும் கூப்ட்டேன், வரமாட்டேன்னுட்டா. இட்லி கட்டிக் குடுத்தா. வாசல்ல நின்னு, ‘இந்தத் தடவ சீட்டும் இல்ல, கப்பும் இல்ல. ஒங்க வாய் மட்டுந்தான்’னா. அவ்வளவுதான் சொன்னா.

தாராபுரத்துல வண்டி நின்னப்ப நீங்க டீ குடிக்கப் போனீங்கள்ல, நான் எறங்கல. ஒக்காந்து கணக்குப் போட்டுட்டிருந்தேன். நாலு லட்சம்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். இந்தா, இந்த எடத்துல, வயிறு எரிஞ்சுச்சு சார். சரி, மூணுன்னேன். எரியுது. ரெண்டு. ஒன்னு. அம்பதாயிரம். எரியாத ஒரு தொக வரும்ல, வந்துச்சுன்னா அதையே சொல்லிட்டு வந்துருவோம்னு எறங்கிக்கிட்டே போறேன். கடைசில, காசே வாங்க வேணாம், அந்தப் பய சும்மாவே ஆடட்டும்னு சொல்லிப் பாத்தேன்.

அப்பவும் எரியுது சார்.